இலாபத்திற்கு எது சொந்த ஊர்?

வரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஏப்ரல், மே மாதங்களில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தோடு மல்லுக்கட்டும் அண்ணன்மார்களும் அக்காமார்களும்தான். கதைகளும் கவிதைகளும் நிறைந்த பேரவையின் ஆண்டிதழில் இப்படியொரு தலைப்பா என்று புருவம் உயர்த்தும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கவிதை வராது. கணக்கியல் துறையில் மூன்றாண்டுகள் தேய்த்த நாற்காலி எனக்குக் கற்றுக் கொடுத்தது இது ஒன்றைத்தான். மேலும், இந்தக் கதையில் என் தாத்தாவும் அம்மாவும் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவும் இருக்கக்கூடும்.

தாத்தா சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டத்தை யாரும் அதன் பெயரைச் சொல்லி அழைத்ததில்லையாம். 'லண்டன் கம்பெனி தோட்டம்' என்பார்களாம். மரம் கெடாவில். சீவியவர் கெடாவில். பால் காய்ச்சிய தொழிற்சாலையும் கெடாவில். ஆனால் கம்பெனி மட்டும் லண்டனில் குடியிருந்தது. சிறுவயதில் இதைக் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் இதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு என்று தெரிந்தது. 1906ஆம் ஆண்டு டி பியர்ஸ் என்ற வைரச் சுரங்க நிறுவனத்தின் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்பளித்தது. சுரங்கம் தென்னாப்பிரிக்காவில் இருந்தாலும், நிறுவனத்தை நடத்தும் தலைமை முடிவுகள் லண்டனில் எடுக்கப்படுவதால் நிறுவனம் லண்டன்வாசியே. எனவே அதன் இலாபத்திற்கு அங்கே வரி உண்டு என்பதே அதன் சாரம். மரம் எங்கே நிற்கிறது என்பதைவிட மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதே கணக்கானது.

அப்படியானால் மலாயா அரசாங்கம் எதை வைத்துச் செலவு செய்தது? இரப்பர், ஈய ஏற்றுமதித் தீர்வை இருந்தது. அதோடு சாராயம், புகையிலை, அபின் ஆகியவற்றின் மீதான தீர்வைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் அபின் மட்டுமே பாதியை நெருங்கிய ஆண்டுகள் உண்டு. வருமான வரியோ 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1948 முதல்தான் நிலையாகக் காலூன்றியது. அதாவது, மூட்டை தூக்கிய சீனத் தொழிலாளி புகைத்த அபினுக்கு வரி உண்டு; அந்த மூட்டையிலிருந்த இரப்பரால் கிடைத்த இலாபத்திற்கு இம்மண்ணில் வருமான வரி கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால், இன்று ஐக்கிய நாட்டுச் சபையில் நடக்கும் சண்டையில் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி இரண்டு வரைவுகளின் கதை. ஒரே இலாபத்திற்கு இரண்டு நாடுகள் வரி கேட்டால் வணிகம் முடங்கிவிடும் என்று 1920களில் உலக நாட்டுக் கழகம் கவலைப்பட்டது. யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதற்கு மாதிரி ஒப்பந்தங்களை எழுதத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943இல் மெக்சிகோ நகரில் ஒரு வரைவு உருவாயிற்று. போரினால் ஐரோப்பியர் அதிகம் கலந்துகொள்ள முடியாத கூட்டம் அது. இலத்தீன் அமெரிக்க நாடுகளின் கை ஓங்கியிருந்தது. இலாபம் எங்கே விளைகிறதோ அங்கே வரி என்பதை அந்த வரைவு தூக்கிப் பிடித்தது. போர் முடிந்தது. 1946இல் லண்டனில் மீண்டும் கூடினார்கள். முதல் போட்டவர் வாழும் நாட்டுக்கே முன்னுரிமை என்று வரைவு திருத்தி எழுதப்பட்டது. பிறகு பணக்கார நாடுகளின் மன்றமான ஓ.இ.சி.டி. 1963இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் லண்டன் வரைவின் வழியில்தான் நடந்தது. உலகில் இன்று நடைமுறையில் இருக்கும் ஆயிரக்கணக்கான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மாதிரிதான் தாய். ஐக்கிய நாட்டுச் சபை 1980இல் வளரும் நாடுகளுக்காக வேறொரு மாதிரியை வெளியிட்டது என்றாலும் அதுவும் பெரிதாக விலகிச் செல்லவில்லை.

விரிவுரையில் இதைக் கேட்டபோது என் மனத்தில் ஓடியது ஒன்றே ஒன்று. 1946இல் லண்டனில் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் மலாயாவுக்காகப் பேச யார் இருந்தார்? நாம் அப்போது ஒரு நாடே இல்லை.

1981 செப்டம்பர் 7ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைச் சில மணி நேரத்தில் வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. 'விடியற்காலைத் தாக்குதல்' என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்போம். மேசையை இங்கே தூக்கி வந்ததற்குச் சமம் அது. (தோட்டம் கைமாறியதால் தொழிலாளியின் வாழ்க்கை எவ்வளவு மாறியது என்பது வேறு கட்டுரைக்குரியது. நான் படித்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் நிலம் கடைசிவரை தோட்ட நிர்வாகத்திடமே இருந்தது. பகுதி உதவி பெறும் பள்ளி என்பதால் ஒழுகிய கூரையை மாற்ற நாங்கள் நன்கொடை அட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினோம்.)

மேசை வந்தது. ஆனால் அதே காலத்தில் வேறு வகையான கம்பெனிகள் வந்து சேர்ந்தன. என் அம்மா 1986இல், பத்தொன்பது வயதில், பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, அப்போது புதிதாகத் திறந்திருந்த பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போவார். இன்றும் போகிறார், அதே தொழிற்சாலைக்கு. கடந்த ஆண்டு விடுமுறைக்கு வீடு சென்றபோது, "அம்மா, உங்க ஃபேக்டரி எவ்வளவு வரி கட்டுது?" என்று கேட்டேன். இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ஏம்மா, நான் என்ன மேனேஜரா? நான் சேர்ந்த புதுசுல ஒண்ணுமே கட்டலன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. அதனாலதான் நமக்கெல்லாம் வேல கெடச்சிச்சின்னும் சொல்லுவாரு."

அந்த மேற்பார்வையாளர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டிலேயே முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்குத் தரும் சட்டம் நம் நாட்டில் வந்துவிட்டது. 1986இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் அதை விரிவாக்கியது. 'முன்னோடித் தகுதி' பெற்ற நிறுவனம் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வரியின்றியோ குறைந்த வரியிலோ தொழில் நடத்தலாம். இதை நான் குறைகூற மாட்டேன். அம்மாவின் அந்தச் சம்பளத்தில்தான் நான் இடைநிலைப்பள்ளி முடித்து இங்கே வந்திருக்கிறேன். பால்மரக் காட்டிலிருந்து ஒரு தலைமுறையை வெளியே கொண்டுவந்ததில் அந்த வரிவிலக்குக்கும் பங்குண்டு. என் கேள்வி, அதே சலுகையைப் பக்கத்து நாடும், அதற்குப் பக்கத்து நாடும் தரத் தொடங்கும்போது என்ன ஆகும் என்பதுதான்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பெயரெல்லாம் கற்பனை. இந்நாட்டில் ஒரு நிறுவனம் ஒரு பொருளை 80 வெள்ளிச் செலவில் செய்கிறது. உலகச் சந்தையில் அதன் விலை 130 வெள்ளி. நேராக விற்றால் இலாபம் 50 வெள்ளி. 24 விழுக்காட்டு வரி என்றால் அரசுக்கு 12 வெள்ளி. ஆனால் அந்நிறுவனம், வரியே இல்லாத ஒரு தீவில் தனக்கொரு தங்கை நிறுவனத்தை வைத்திருக்கிறது. பொருளைத் தங்கைக்கு 85 வெள்ளிக்கு விற்கிறது. தங்கை அதை 130க்கு விற்கிறாள். பொருள் அந்தத் தீவின் பக்கமே போவதில்லை. கப்பல் நேரே வாடிக்கையாளரிடம் போகிறது. காகிதம் மட்டும் தீவுக்குப் போய்வருகிறது. இப்போது இங்கே இலாபம் 5 வெள்ளி. வரி 1 வெள்ளி 20 காசு. 45 வெள்ளி இலாபம் வரியின்றித் தீவில் பிறந்ததாகக் கணக்கு. அக்காள் தங்கைக்கு விற்கும் இந்த விலையைத்தான் பரிமாற்ற விலை என்கிறோம். முன்பின் தெரியாத இருவர் என்ன விலைக்கு விற்பார்களோ அந்த விலைக்கே விற்க வேண்டும் என்பது சட்டம். நம் வருமான வரிச் சட்டத்திலும் 2009 முதல் இதற்கென 140ஏ பிரிவு உண்டு. ஆனால் வணிகச் சின்னத்துக்கும் மென்பொருளுக்கும் 'நிர்வாக ஆலோசனைக்கும்' முன்பின் தெரியாதவர் என்ன விலை கொடுப்பார் என்று யார் சொல்வது?

தொழிற்பயிற்சியின்போது நான் இதைக் கண்ணால் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் இத்தகைய கோப்புகளுக்கு எண்களைப் படியெடுத்துத் தருவது என் வேலை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் உள்ள உள்நாட்டு நிறுவனம் மெலிந்த இலாபத்தோடு நின்றது. ஒற்றை இலக்கத்தில் ஊழியர்கள் உள்ள வெளிநாட்டுத் தங்கை நிறுவனம் கொழுத்திருந்தது. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. எல்லாத் தாள்களும் ஒழுங்காகக் கையொப்பமிடப்பட்டிருந்தன. என்னை உறுத்தியதே அதுதான்.

ஒரு நாடு தனியாக நின்று இதை எதிர்க்க முடியுமா? முடியும். ஆனால் ஸாம்பியாவைக் கேளுங்கள். அங்குள்ள மொப்பானி செப்புச் சுரங்கம், சுவிட்சர்லாந்திலிருந்த தன் தாய்நிறுவனமான கிளென்கோருக்குச் செம்பைக் குறைந்த விலைக்கு விற்றது என்று வரி அதிகாரிகள் வழக்காடினார்கள். விவகாரம் 2006 முதல் 2009 வரையிலான ஆண்டுகளைப் பற்றியது. நார்வேயின் நிதியுதவியோடுதான் தணிக்கையே நடந்தது. உச்ச நீதிமன்றம் வரி வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது 2020இல். இத்தனை ஆண்டுகளில் அந்நாட்டுக் குழந்தை ஒன்று பிறந்து இடைநிலைப்பள்ளிக்கே போயிருக்கும்.

இது ஏதோ சில நிறுவனங்களின் கெட்டிக்காரத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. தொர்ஸ்லோவ், வீயர், சுக்மான் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015ஆம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தம் தாய்நாட்டுக்கு வெளியே ஈட்டும் இலாபத்தில் ஏறத்தாழ 36 விழுக்காடு வரிப் புகலிடங்களுக்கு நகர்த்தப்படுகிறது என்பது அவர்கள் கண்டது.

இலாபம் நழுவாமல் இருக்க நாடுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரியைக் குறைத்தன. நம் நாட்டில் 1998இல் 28 விழுக்காடாக இருந்த நிறுவன வருமான வரி, படிப்படியாக இறங்கி 2016இல் 24 விழுக்காட்டில் வந்து நின்றது. சிங்கப்பூரில் 2010 முதல் 17 விழுக்காடு. சரி, அரசாங்கத்தின் செலவும் இறங்கியதா? இல்லையே! பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடந்தாக வேண்டும். 2015 ஏப்ரல் முதல் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. நான் அப்போது ஆறாம் ஆண்டு. மளிகைக் கடையிலிருந்து சவர்க்காரமும் பற்பசையும் வாங்கி வந்தபோது, "பத்து வெள்ளி சாமானுக்கு எதுக்கு இந்த அறுபது காசு?" என்று அம்மா என்னிடம்தான் ரசீதை நீட்டிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. 2018 ஜூனில் அந்த வரி சுழியமாக்கப்பட்டது. செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பி வந்தது. 2024 மார்ச்சில் சேவை வரியின் பொது விகிதம் 8 விழுக்காடாயிற்று. பெயர் மாறினாலும் போக்கு ஒன்றுதான். இலாபம் விமானம் ஏறும். தங்கை நிறுவனம் தேடும். அம்மாவின் சவர்க்காரத்துக்குக் கடப்பிதழ் கிடையாது. நகர முடியாதவரிடம் வரி வந்து நிற்கிறது. ஏற்றத்தாழ்வு என்று ஏடுகளில் படிப்பதன் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இவ்வளவும் சொல்லிவிட்டு லாபுவானைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள். சபா கரையோரத்தில் இருக்கும் நம்முடைய அந்தத் தீவு 1990 அக்டோபரில் அனைத்துலகக் கடல்கடந்த நிதி மையமாக அறிவிக்கப்பட்டது. அங்குப் பதிந்த நிறுவனம் தணிக்கை செய்த இலாபத்தில் 3 விழுக்காடு வரி கட்டலாம். வேண்டாமென்றால் ஒரே தொகையாக 20,000 வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம். இலாபம் ஒரு கோடி வெள்ளி என்றால் 20,000 என்பது 0.2 விழுக்காடு. மற்றவன் தீவைப் பற்றிப் புலம்பும் நாம், நம் பங்குக்கு ஒரு தீவை வைத்திருந்தோம்! அண்டை நாட்டு மாணவி ஒருத்தி தன் ஆண்டிதழில் நம்மைப் பற்றி இதே கட்டுரையை எழுதியிருக்கலாம். அந்த 20,000 வெள்ளித் தேர்வு 2019 சனவரியோடு நீக்கப்பட்டது. உண்மையான ஊழியர்களும் செலவும் அங்கே இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நமக்குத் திடீரென ஞானோதயம் பிறந்ததால் அல்ல, ஓ.இ.சி.டி.யும் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுத்த அழுத்தத்தால். ஒரு நாடு தானாகத் திருந்துவது அரிது. எல்லாரும் சேர்ந்து திருந்தினால் யாருக்கும் நட்டமில்லை. வரி ஒத்துழைப்பு என்பதன் அடிப்படையே இவ்வளவுதான்.

அந்த ஒத்துழைப்பு பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே ஒன்றுக்கொன்று அனுப்பும் ஏற்பாடு 2017இல் தொடங்கியது. மலேசியா 2018 செப்டம்பரில் சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்சிப்பகுதிகள் இதில் உள்ளன. வங்கி இரகசியம் தெய்வ வாக்குப் போல் இருந்த காலம் போய்விட்டது. வெளிநாட்டில் பணத்தைப் பதுக்கிச் செய்யும் வரி ஏய்ப்பு பத்தாண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று ஐரோப்பிய வரி ஆய்வகம் 2023இல் மதிப்பிட்டது. முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று நடந்திருக்கிறது.

இரண்டாவது, குறைந்தபட்ச வரி. ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்கள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 15 விழுக்காடாவது வரி கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் ஒப்புக்கொண்டன. இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். மலேசியா ஒரு நிறுவனத்திற்கு முழு விலக்குக் கொடுத்தால், விட்டுக்கொடுத்த அந்த 15 விழுக்காட்டை அந்நிறுவனத்தின் தாய்நாடு வசூலித்துக்கொள்ளலாம். நாம் கொடுத்த சலுகை நிறுவனத்துக்குப் போகாமல் வேறொரு நாட்டின் கருவூலத்துக்குப் போகும். அதைவிட நாமே வசூலித்துக்கொள்வது மேல் அல்லவா? அதனால்தான் மலேசியாவும் சிங்கப்பூரும் 2025 சனவரி முதல் உள்நாட்டு நிரப்பு வரியைக் கொண்டு வந்தன. 1958 முதல் நடந்த சலுகைப் போட்டிக்கு முதன்முறையாக ஒரு தரை போடப்பட்டிருக்கிறது.

ஆனால் தரையில் ஓட்டைகள் உண்டு. 15 விழுக்காடு மிகக் குறைவு என்று வளரும் நாடுகள் தொடக்கத்திலேயே முறையிட்டன. 2025 சனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப், இந்த ஒப்பந்தம் தம் நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தார். 2026 சனவரியில், அமெரிக்கத் தலைமையகம் கொண்ட குழுமங்களை அதன் இரு முக்கிய விதிகளிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாட்டுக்கு மற்ற நாடுகள் இணங்கின. நமக்கு ஆறுதல் ஒன்றுதான். அந்தந்த நாடு தன் மண்ணில் வசூலிக்கும் நிரப்பு வரிக்கு அந்த விலக்கு பொருந்தாது. அம்மாவின் தொழிற்சாலை இருப்பது நம் மண்ணில்.

இங்கேதான் 1946ஆம் ஆண்டின் மேசை மீண்டும் வருகிறது. விதி எழுதும் இடம் ஓ.இ.சி.டி.யாக இருக்கும்வரை எழுதுபவர் யார் என்பதும் மாறாது என்று ஆப்பிரிக்க நாடுகள் சொல்லின. 2023 நவம்பரில் ஆப்பிரிக்கக் குழுவின் சார்பில் நைஜீரியா கொண்டுவந்த தீர்மானம், வரி ஒத்துழைப்புக்கென ஐக்கிய நாட்டுச் சபையின் கீழ் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்றது. 125 நாடுகள் ஆதரித்தன, 48 எதிர்த்தன, 9 நடுநிலை. எதிர்த்தவற்றுள் பெரும்பாலானவை பணக்கார நாடுகள். 2024 டிசம்பரில் பேச்சுவார்த்தைக்கான வரையறை 119 வாக்குகளோடு நிறைவேறியபோது எதிர்ப்பு ஒன்பதாகக் குறைந்தது. 43 நாடுகள் ஒதுங்கி நின்றன. 2025 பிப்ரவரியில் முதல் அமர்விலேயே அமெரிக்கா வெளியேறியது. மற்றவர்கள் எழுந்து போகவில்லை. எல்லை கடந்து விற்கப்படும் சேவைகளுக்கு எங்கே வரி என்பது முதல் பெரும் பணக்காரர்களின் செல்வம் வரை பேசுகிறார்கள்.

பெரும் பணக்காரர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. மேலே சொன்ன சுக்மான், பிரேசிலின் வேண்டுகோளின் பேரில் 2024இல் ஜி20 நாடுகளுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். உலகில் ஏறத்தாழ 3,000 பேராக உள்ள நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட செல்வந்தர்கள் தம் செல்வத்தில் குறைந்தது 2 விழுக்காட்டை ஆண்டுதோறும் வரியாகக் கட்டினால், 20,000 முதல் 25,000 கோடி டாலர் வரை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. நடக்குமா என்பது இருக்கட்டும். இது ஒரு நாட்டால் தனியாக ஆகாது என்பதை ஜி20 தலைவர்களே ரியோவில் ஏற்றுக்கொண்டு பேசினார்கள் என்பதே எனக்கு வியப்பு.

வரி கூடினால் அது தானாக ஏழை வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. வசூலித்த பணத்தை என்ன செய்கிறோம் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதற்கு நியூயார்க்கில் விடை கிடைக்காது. ஆனால் வராத பணத்தைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

தொழிற்பயிற்சி செய்த அலுவலகம், படிப்பு முடிந்ததும் வந்து சேரச் சொல்லியிருக்கிறது. அதே பிரிவு, நல்ல சம்பளம். உள்நாட்டு வருமான வரி வாரியத்திற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். சம்பளம் குறைவு, அதே கோப்புகளை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. நிரப்பு வரியின் முதல் படிவங்கள் 2027 ஜூன் இறுதிக்குள் வந்து சேர வேண்டும். ஐக்கிய நாட்டு உடன்படிக்கையின் வாசகமும் அதே ஆண்டில்தான் பொதுச் சபைக்கு வர வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அறுபது வயதாகிப் பணி ஓய்வு பெறுவதும் அந்த ஆண்டுதான். "நான் வெளிய வர்றதுக்குள்ள எங்க ஃபேக்டரி எவ்வளவு கட்டுச்சின்னு நீ பார்த்துச் சொல்லிடு" என்கிறார். வாரியத்தில் சேர்ந்தால் அதைப் பார்க்க முடியும், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று விளக்கினேன். "அப்ப என்னா பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டுப் பேருந்து ஏறப் போய்விட்டார்.